காட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த விவரம்

சேசு மரி சூசை துணை

பட்டாபிராம்,
27-11-1987

மேற்கு ஜெர்மனியில் கம்பெனிப் பயிற்சியில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை டேவிட் அவர்களுக்கு, மாமியார் ஞானகுமாரி எழுதிக்கொண்டது. ரோஸியும் குழந்தைகளும் சுகம். முழங்காலைத் தவிர நானும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொள்ளவும்.

செப்டம்பரில் நீங்கள் போட்ட கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கல்லறைக் கமிட்டி செயலாளர் பாஸ்கல்தான் சொல்கிறார். நம் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற காடு, நாவலும் புங்கமுமாக நாற்பது மரம், பேட்டரிப் பட்டறைக்காரன் ஆசிட் தண்ணீரை ஓடையில் விட்டதில், நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருவது உங்களுக்குத் தெரியும். அதற்கு நீங்கள், "மண் புளித்துப் போனதால் வரும் வியாதி இது, இங்கேயும் காடுகள் இப்படித்தான் காய்கின்றன, ஹெலிகாப்டரில் போய்க் காடு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அங்கேயும் அடித்துப் பாருங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். கமிட்டியில் அதை நான்தான் எழுந்து நின்று வாசித்தேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களே தவிர, அந்த ஐந்தாவதில் வாசிப்பில் நான்தான் முதல், ஓர் எழுத்தை விழுங்கமாட்டேன். பாஸ்கல் மட்டும், "ஹெலிகாப்டர்லேர்ந்து பிரஷ் எப்படிம்மா எட்டும்?" என்றார். "வெள்ளைக்காரன் கம்பை நீளமா கட்டியிருப்பான்" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கிற வேம்புலியையே கூப்பிட்டோம். "இன்னாம்மா, மரத்துக்கு எத்தினி கோட்டிங்?" என்றான். ரெண்டு என்றேன். "காவிப் பட்டை வோணுமா? மந்திரி வர்ற ரோட்டுக்கெல்லாம் போடுவோம்." அதையும் போடு என்றேன், ஊர் மெச்சட்டும் என்று. நாலு நாள் அடித்தான். பக்கெட்டையும் பிரஷ்ஷையும் கடைசி நாவலின் அடியிலேயே கழுவிக் கழுவி அந்த இடத்தைப் பால் கொட்டிய மாதிரி ஆக்கிவைத்தான், அதற்கும் அவனைத் திட்டினேன். மிச்சச் சுண்ணாம்பை வீணாக்க மனமில்லாமல் கல்லறைகள்மேல் எழுதியிருந்த பெயர்களையும் சேர்த்து அடித்துவிட்டு, கறுப்புப் பெயிண்டு வாங்கி வருகிறேன் என்று போனவன், திருநாள் முடிந்துதான் வந்தான். ஊர் முழுக்க மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று தெரியாமல் அலைந்தது. நானும் உங்கள் மாமனார் என்று நினைத்து ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் அழுதேன். பின்னாலிருந்து ஹில்டா, "அக்கா, அது என் ஊட்டுக்காரரு. உசுரோட இருந்தப்போ அவரைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவ, இப்போ இன்னா இம்மாம் பாசம்?" என்றாள். சுவாமியார்கூடச் சிரிப்பை மறைக்கக் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

சிரித்தது போகட்டும், மரமாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. இருந்த நாலு இலையும் இந்த மழையில் உதிர்ந்துவிட்டது. நாற்பது மரமும் கோடித்துணி சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, லாரி நிறுத்த இடம் விடப்போகிறார்கள். கல்லறை வைத்திருக்கும் எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டலாம். கடைசிக் கையெழுத்து என்னுடையது, நேற்று போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் மாமனார் பக்கத்தில் எனக்கு விட்டுவைத்திருக்கும் ஆறடியும் இனிமேல் வெட்டவெயிலில்தான். வெயில் எனக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும். என்ன செய்வது, படித்தவர் பேச்சைக் கேட்டோம். இனி எனக்கு எழுதும் கடிதத்தில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானகுமாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வேம்புலி ஓடிவந்து கூப்பிட்டான். அவன் பக்கெட் கழுவின கடைசி நாவல் துளிர்த்திருக்கிறது, மாப்பிள்ளை! விரல் நீளத்துக்குச் செம்புநிறத் துளிர், நானே தொட்டுப் பார்த்தேன். "மரத்துக்கு பவுடரு பூசி இன்னா பிரயோஜனம், மண்ணு குடிச்சிகீது பாரு" என்கிறான். உடனே பாஸ்கல் வீட்டுக்குப் போய், கையெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று, வைத்துத் தருகிறேன் என்று காகிதத்தை வாங்கி வந்துவிட்டேன். என் பெயரில் புள்ளி வைத்த எழுத்தே கிடையாது, அது அவருக்குத் தோன்றவில்லை. காகிதம் இப்போது அரிசி டின்னுக்கு அடியில். துளிர்த்தது ஹில்டா வீட்டுக்காரர் தலைமாட்டு மரம்தான், இருக்கட்டும், சாயங்காலத்தில் அதன் நிழல் எங்கள் பக்கம் விழும். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, மண்ணில் எத்தனை படி, தூளாகவா கரைத்தா என்று உடனே எழுதவும். அப்படி எழுதும்போது 'அடிக்கிறார்கள்' என்று எழுதாமல் 'தூவுகிறார்கள்' என்று எழுதவும். உங்கள் பழைய கடிதத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன், நான் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை.