முதல் பந்தியும் உங்கள் மச்சானும்

மேற்பிரிவு,
திம்புள்ள.

அன்பும் மரியாதையும் உள்ள கணேசமூர்த்தி அண்ணனுக்கு,

தங்கை அம்மாக்கண்ணு எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. வத்தளையில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிறபோதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

சுதர்ஷினியின் பரிசத்துக்கு நீங்கள் வரவில்லை. அதனால் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாப்பிள்ளை சுதாகரன். அவருடைய அப்பா, கினிகத்தேனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற இராமையா முதலாளி. சம்பந்தி அம்மா. மாப்பிள்ளையின் பெரியப்பா, வேட்டியில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தவர். ஒரு வேன் நிறைய அவர்களுடைய சொந்தக்காரர்கள். நம் பக்கம் நான், உங்கள் மச்சான், சுதர்ஷினி, அப்புறம் எங்கள் லயத்து வீடுகளில் நடக்க முடிந்த அத்தனை பேரும். உங்கள் மச்சானின் சங்கத்து ஆட்களில் தப்படிக்கும் தப்புக்காரர் நால்வர், பாட்டுக்கார நிஷாந்தி, பப்பூன் யேசுரட்ணம். கோயில் ஐயரும் வந்தார், ஆனால் தட்டு மாற்றியதும் போய்விட்டார். அவரைச் சண்டையில் சேர்க்கக் கூடாது.

சண்டை பந்தியில் வந்தது. வாசித்தவர்களுக்கே முதல் பந்தி என்பதுதான் சங்கத்தின் முதல் சட்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தச் சட்டம் பிறந்த இடத்தில் சூலத்தோடு நின்றவரே நீங்கள்தானே. அந்த வருஷத்துக் காமன் கூத்தில் நீங்கள் சிவன், உங்கள் மச்சான் ரதி. என்னுடைய கிளிப்பச்சைச் சேலையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் நீங்கள்தான் அவருக்குக் கட்டிவிட்டீர்கள். அந்தக் காலத்தில் தப்புக்காரர்களுக்குக் கடைசியில்தான் சாப்பாடு, அதுவும் கோயிலுக்குப் பின்னால் சாக்கடைக் கான் ஓரத்தில், அண்டாவில் சுரண்டியது. நீங்கள் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்துவிட்டீர்கள், இனி ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். ரதியோ சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "தப்புக்காரங்களுக்கு எலை போட்டாச்சா?" என்று கேட்டது. கோயில் கமிட்டித் தலைவர் ஓடி வந்து, "மொதல்ல அழுவுடா, பொறவு பாக்கலாம்" என்றார். "எலை போடுங்க, அழுவுறேன்." "ஒனக்குப் பசின்னா சொல்லேன், பழம் தர்றோம்." "எனக்கு ஒண்ணும் வேணாங்க, நான் வெரதம்." அவ்வளவுதான், காமன் சாம்பலாகக் கிடக்க, அழ ஆள் இல்லாமல் கூத்து நின்றுவிட்டது. நீங்கள் சூலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அழுதுரு மச்சான், காலு நோவுது" என்று சொன்னது பெண்கள் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. கடைசியில் இலை போட்டார்கள். தப்புக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு அந்த ரதி அழுத அழுகையை இன்றுவரை வேறு எந்த ரதியிடமும் நான் கேட்கவில்லை. சேலையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வந்தவர்தான், பிறகு அடிக்கடி வந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கொழும்புப் பக்கம் போன பிறகும் அவர் விடவில்லை. ஹட்டனில் சங்கத்தைப் பதிந்து, போர்டு எழுதி, மலையக மேடை, தெருக் கலைஞர் சங்கம் என்று வீட்டு முன்சுவரில் மாட்டி, தலைவரும் ஆனார். பகலெல்லாம் தொழிற்சாலையில் தேயிலை வாட்டிவிட்டு வருவார், வாசலில் யாராவது முறைப்பாட்டோடு நிற்பார்கள். நுவரெலியா வசந்த காலத்தில் ஒரு பெரிய வீட்டுப் புல்தரையில் பனியில் நிற்க வைத்துப் பாடச் சொல்கிறார்கள் என்று நிஷாந்தி வந்து அழுதாள். இவர் போய் மூன்று பாட்டுக்கு ஒரு தடவை இஞ்சித் தேத்தண்ணி என்று பேசி முடித்துவிட்டு வந்தார். பல் வலியோடு சிரிப்புக் காட்ட முடியாது என்று யேசுரட்ணம் லீவு கேட்டதற்கு ஒரு கூட்டமே நடந்தது. நல்லதண்ணிக்குப் போகிற மலை யாத்திரை சீசன் பஸ்ஸில் தப்பை மடியில் வைத்திருந்தால் அதற்கும் சீட்டு வெட்ட வேண்டுமா என்று கண்டக்டரோடு சிங்களத்திலும் தமிழிலும் வாதாடி, கடைசியில் இறங்கி நடந்தே போனார்கள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் காம்பிராவில் காய்ச்சலாகக் கிடந்த கிழவரைப் பார்க்க மருந்துக்காரர் வந்திருந்த நேரத்தில், இவர் எமன் வேஷம் கட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "அம்மாக்கண்ணு, எமன் வந்திருக்கான், உள்ள கூப்புட்டுத் தேத்தண்ணி குடு" என்று கத்தினார். கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றோடு காய்ச்சலும் போய்விட்டது என்பது வேறு. நான் அப்போதெல்லாம் முணுமுணுத்தேன். எத்தனை சுண்டு அரிசி அதிகமாகப் போட்டேன் என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன். இப்போது நினைத்தால், அடுப்படியில் எமனும் தூதனும் குந்திக்கொண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்த அந்த நாட்களில்தான் வீடு வீடாக இருந்தது என்று தோன்றுகிறது.

அதிருக்கட்டும். பரிசத்தன்று சங்கத்து ஆட்களை யாரும் கூப்பிடவில்லை. தலைவர் மகளுக்குப் பரிசமாம், நாங்கள் வாசிக்காமல் யார் வாசிப்பது என்று அவர்களாகவே வந்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பாலத்திலிருந்து தப்படித்துக் கூட்டிவந்தார்கள். வாசித்துவிட்டால் சட்டம் வந்துவிடுகிறதே. இலை போட்டதும் மாப்பிள்ளையின் பெரியப்பா முதல் ஆளாக உட்கார்ந்தார். உங்கள் மச்சான் குனிந்து, "அண்ணே, கொஞ்சம் எந்திரிச்சுக்கிறீங்களா, வாசிச்சவங்க ஒக்காரணும்" என்றார்.

"நான் மாப்புள்ளைக்குப் பெரியப்பா."

"தெரியுங்க. அடுத்த பந்தியில மொத எலை ஒங்களுக்குத்தான்."

"அப்ப தப்படிக்கிறவன் தின்ன மிச்சத்தையா நாங்க திங்கிறது?"

"மிச்சம் இல்லீங்கண்ணே, வேற எலை, வேற சோறு."

யேசுரட்ணம் சமாதானம் செய்கிறேன் என்று, "ஐயா, என் எலையிலயே நீங்க ஒக்காருங்க, நான் ஒங்க மடியில ஒக்காந்துக்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. வேன் சாப்பிடாமலே கினிகத்தேனைக்குத் திரும்பியது. மூன்று நாள் எங்கள் லயம் முழுக்க வடை தின்றது.

பிறகு சொல்லியனுப்பினார்கள். கல்யாணத்தில் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். சுதர்ஷினி, "அப்பா எப்புடிச் சொல்றாரோ அப்புடி" என்றாள். ஆனால் அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது அண்ணன். டீச்சர் வேலைக்குப் போகிற பிள்ளை, தலைகீழாகப் பாடக் கொப்பியை வைத்துக்கொண்டு திருத்துகிறது. உங்கள் மச்சான் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தலைவர் பதவியை விட்டுவிட்டால் அவர் வெறும் அப்பாதானே, வெறும் அப்பாவுக்குச் சட்டம் இல்லையே என்று ராஜினாமா எழுதினார். கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. யேசுரட்ணம் எழுந்து, "தலைவரே, ராசினாமா எல்லாம் வேணாம். நாங்க கல்யாணத்துல சாப்புடவே இல்ல. பட்டினியா வாசிச்சிட்டுப் போறோம், சட்டமும் ஒடையாது" என்றான். இவருக்கு வந்ததே கோபம். "பட்டினியா வாசிக்கிறவன் இந்தச் சங்கத்துல இருக்க முடியாது. ஒன்ன இப்பவே நீக்குறேன்" என்றார். "நீங்கதான் ராசினாமா பண்ணீட்டீங்களே, எப்புடி நீக்குவீங்க?" என்றாள் நிஷாந்தி. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. முகம் கழுவும்போது பாடுகிற மனுஷன், இப்போது வெறுமனே கழுவுகிறார். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொடுக்கவும் மாட்டேன் என்கிறார், கிழிக்கவும் மாட்டேன் என்கிறார். போனில் இதைப் பேசலாம் என்றால் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

அண்ணன், நான் கேட்பது இதுதான். அவர் கேட்கிற ஒரே பேச்சு உங்களுடையது. நீங்கள் ஒரு தடவை வந்து, "போதும் மச்சான், சங்கத்த விட்டுரு, புள்ளய கரையேத்து" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஊருக்கெல்லாம் முதல் பந்தி வாங்கிக் கொடுத்தது போதும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தப்புக்காரர்கள் பின்னால் சாப்பிட்டால் மாரியம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோருக்கும் நோய் நொடி இல்லாமல் தாயார் காத்தருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
அம்மாக்கண்ணு

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள் அண்ணன். கவரை ஒட்டப் போகிற நேரத்தில் சம்பந்தி அம்மா போன் எடுத்தார். "அப்ப கல்யாணத்துல மொதப் பந்தி எங்களுக்குத்தானே?" என்று கேட்டார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால், "இல்லீங்க, வாசிக்கிறவங்களுக்குத்தான்" என்று வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அப்படி வந்திருக்காது. உங்கள் மச்சான் கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. போச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு சம்பந்தி அம்மா குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது பந்திக்குப் பாயாசம் மிஞ்சுமாங்க? எங்க மூத்தாருக்கு அதான் பயம்" என்று அந்தப் பெரியப்பாவைச் சொன்னார். மிஞ்சும், நானே அளந்து எடுத்து வைக்கிறேன், அவருக்கு இரண்டு டம்ளர் என்று சொன்னேன். "அப்ப நான் பேசிக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்; ஆவணியில் நாள் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆகவே நீங்கள் புத்தி சொல்ல வர வேண்டாம், கல்யாணத்துக்கு வாருங்கள். ஒரு பாட்டாவது பாடினால் உங்களுக்கு முதல் பந்தி, சும்மா வந்தால் இரண்டாவது. எந்தப் பந்தி என்று சீக்கிரம் பதில் போடுங்கள், நான் அரிசி அளக்க வேண்டும்.