ரிவர்ஸ் அண்ணன் போட்ட தண்ணி

வட்டவளையிலிருந்து வலப்பனை வரைக்கும் ரிவர்ஸ் அண்ணனைப்போல லொறி ஓட்டுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆறு வருடம் அந்த மனுஷனிடம் கிளீனராக இருந்தவன் நான். என்னிடமும் லைசன் இருந்தது. சாராயத்தைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஸ்டியரிங் அவரிடம், துடைக்கிற துணி என்னிடம்.

ஏற்றம் கடுமையாக இருந்தால் லொறியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலையேற்றிவிடுவார். அதனால்தான் அந்தப் பேர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சக்கரத்துக்கு வைக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடுகிற என்னை ஒருத்தியாவது பார்க்க வேண்டுமே, ம்ஹூம்.

ஒருநாள் பட்டப்பகலில், நல்ல போதையில், ஹட்டன் கடைவீதி முழுவதையும் ரிவர்ஸிலேயே கடந்தார். கடைகளில் தொங்கிய ஒரு வாழைக்குலைகூட அசையவில்லை. பொலிஸ்காரர் மறித்தார், மோந்து பார்த்தார், லைசனைக் கேட்டார். அண்ணன் சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஆள வேணும்னா உள்ள போடுங்க மாத்தயா. லைசன மட்டும் கேக்காதீங்க."

கோர்ட்டில் லைசன் பறிபோனால் லொறி எனக்கு என்று அதன் சொந்தக்காரரான தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அன்று தின்ற சோற்றுக்குத் தனி ருசி.

நீதவானுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். நெற்றி நிறைய விபூதி. "நீர் குடிச்சனீரோ?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணனுக்குப் பொய் வராது. "தண்ணி போட்டுத்தாங்க ஏத்தம் ஏறினேன். வட்டவளையில ஒருக்கா, றொசல்லயில ஒருக்கா."

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீதவான் தலையாட்டினார். அடுத்து சாட்சிக்கூண்டில் நான். மூன்று நாளாக மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"நல்லா தண்ணி போட்டாருங்க. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அதை மொழிபெயர்க்கும்போதுதான் 'ரேடியேட்டர்' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. அட பாவமே. மலைநாட்டில் தண்ணி போடுவதென்றால் என்னவென்று அந்த விபூதிக்காரருக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் லொறிக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொல்வதாக நினைத்துவிட்டார்.

"வேறை ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார்.

'சாராயம்' என்று ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே அண்ணன் சட்டைப்பையில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். எந்த மலைக்கும் பயப்படாத மனுஷன். அதைப் பார்த்திருக்கவே கூடாது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். என்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

லைசன் தப்பியது. பொலிஸ்காரர் மோந்த வாடை கிளீனருடையதாக இருக்கலாம் என்று சொல்லி, நீதவான் எனக்கு நீண்ட புத்திமதி சொன்னார். நானும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "சாராயம்னு சொல்லியிருந்தா லொறி ஒனக்குத்தானடா தம்பி?"

"தெரியும்ண்ணே. பேசாம வாங்க."

அதற்குப் பிறகு, குடித்த நாளில் அவராகவே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளீனர் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். வாரத்தில் இரண்டு நாளாவது ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. ஆனாலும், காலையில் குடிக்காமல் நிதானமாக வந்து சாவிக்குக் கையை நீட்டுவாரே, அந்த நாட்களில்தான் எனக்குச் சந்தோஷம்.