அக்கா சொன்ன ஓம்

என்னை யாராவது மடையன் என்றால் நான் கோபிப்பதில்லை. அதற்கான ஆதாரம் பொலிசிலேயே இருக்கிறது. குருநாகலில் ஒரு பேக்கரியில் நின்றபோது பழகிய சிங்களம் என்னுடையது. பணிஸ் விற்க அவ்வளவு போதும். (கேக் என்றாலே திணறுவேன்.) அதை நம்பித்தான் அக்காவுக்கு மொழிபெயர்க்கக் கிளம்பினேன்.

உப்புவெளிக் கடற்கரையில், விடிகிற நேரம், அத்தானின் வள்ளத்து எஞ்சினை ஒருவன் கழற்றுவதை அக்கா கண்டாள். தடுக்கப் போனவளைத் தள்ளி விழுத்திவிட்டு, எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அக்காவுக்குக் கை முறிந்தது. எங்கள் வீட்டு அடுப்பு அந்த எஞ்சினை நம்பித்தான் எரிந்தது.

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் கேட்டதை நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன்.

“உயரமான ஆளோ, அக்கா?”

“ஓம்…”

“தாடி இருந்ததோ?”

“ஓம்…”

எங்கள் ஊரில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’ மட்டுமில்லை; ‘சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் அதுதான். அடிபட்டவள் கதிரையில் முறிந்த கையைத் தாங்கிக்கொண்டு என் கேள்விகளைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். நானோ ஒவ்வொரு ஓமையும் சுடச்சுடச் சிங்களமாக்கி நீட்டினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “பொறுங்கோ, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ” என்று அதிகாரம் வேறு. (சார்ஜன் எனக்குத் தேத்தண்ணி தந்திருந்தார், அந்தத் திமிர்.)

பிறகு ஒருவனைப் பிடித்தார்கள். வாக்குமூலத்திலிருந்த உயரமும் தாடியும் அவனிடம் இல்லையென்று விட்டுவிட்டார்கள்.

அத்தான் இப்போது அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். சாப்பிடக் கூப்பிட்டு நான் ஓம் என்றால், “எந்த ஓம்?” என்று வீடே சிரிக்கும். அத்தான் மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம், புதிதாக வந்த தமிழ்ப் பெண் அதிகாரி ஒருவர் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார். என்னை மூலையில் இருத்தி, வாய் திறக்கக்கூடாது என்றார். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார். “நடந்ததை உங்கட பாட்டில சொல்லுங்கோ. அவசரமில்லை” என்றுவிட்டுச் சும்மா இருந்தார். அவ்வளவுதான். கேள்வியே இல்லை.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அக்கா வாய் திறந்தாள். “கட்டைப் பெடியன். இடது காது பாதி இல்லை. என்னைத் தள்ளிப்போட்டு, ‘மன்னியுங்கோ அக்கா’ எண்டவன்.”

அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார். “இவனைத்தான் பிடிச்சுப்போட்டுப் பிறகு போக விட்டிருக்கினம், அம்மா. இப்ப ஆள் எங்கை எண்டு தெரியாது.”

வெளியே வந்ததும், பகிடிபோலத்தான் கேட்டேன். “ஏன் அக்கா, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீ கதைக்க விட்டனியோ?”