விஷப்பால் கொடுத்த சின்னராணியும் பெண்ணைப் பெற்ற நானும்

அதியமான்கோட்டை,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஓசூர் மச்சான் மாதவராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ராஜாமணியின் வீட்டுக்காரன் கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் ராஜாமணியும் மகள் காவியாவும் கறவை மாடு இரண்டும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். என் மீசை மட்டும் சுகமில்லை. அந்த விவரம் கீழே வருகிறது. பதறாமல் படிக்கவும்.

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். யாரோ அனுப்பிய நாடக வீடியோவைப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். கடைசியாக வந்த உங்கள் வாய்ஸ் மெசேஜை நான் டீக்கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். "நான் பாத்து வெச்ச சம்பந்தத்தைக் கெடுத்துட்டீங்களே, சேலை கட்டிக்கிட்டு சம்பந்தியம்மா கையில அடி வாங்கியிருக்கீங்களே, நீங்கெல்லாம் பொண்ணப் பெத்தவரா"ன்னு நீங்க கேட்டதை வடை சுடுறவர் வரைக்கும் கேட்டார். ஆகவேதான் இந்தக் கடிதம். சம்பந்தம் நிலைத்ததா முறிந்ததா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

அம்மன் பண்டிகைக்கு எங்கள் ஊரில் மழை வேண்டி சின்னராணி நாடகம் போடுவதும், விஷம் வைக்கிற சின்னராணி கார்மேகவல்லியாகக் கூத்துக்காரர் மாது வேஷம் கட்டுவதும் தாங்கள் அறிந்ததே. மூத்த ராணி செத்துப்போக, அவள் மகன் பட்டத்துக்கு வருகிறான். தன் வயிற்றில் பிறந்த மகள் கதி என்னாவது என்று சின்னராணி பாலில் விஷம் கலக்கிறாள். அவனும் தெரிந்தே, சித்தி கையால் கொடுத்தது என்று வாங்கிக் குடித்துச் சாகிறான். அவளோ வெட்டுப்பட்டு விழும்போதும் சிரித்துக்கொண்டே சாகிறாள். அந்தச் சிரிப்புக்காகவே மாதுவைப் பார்த்தால் பிள்ளைகள் தெருவில் ஒதுங்கிப் போகும். இந்த வருஷம் பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது மாதுவுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆத்தாளே வீட்டுக்கு வந்துவிட்டாள், யாரைக் குறை சொல்வது?

அன்று சாயங்காலம் நாடக வாத்தியார் முனிராஜ் மாலையும் தாம்பூலத் தட்டுமாக என் வீட்டுக்கு வந்தார். நான் கண்டக்டர் வேலையிலிருந்து ரிடையர் ஆகி இரண்டு மாசமாகிறது, ஊரில் ஒரு பயல் ஒரு துண்டு போர்த்தவில்லை. சரி, இப்பவாவது ஞாபகம் வந்ததே என்று கழுத்தை நீட்டி, தட்டையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டேன். வாத்தியார் கையால் தாம்பூலம் வாங்கினால் வேஷத்தை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மாலையோட வந்தாரே மச்சான், மனுசன் எதைப் பாப்பான்! திருப்பிக் கொடுத்தால் ஊருக்கு ஆகாது. "எனக்குப் பாட்டு வராதுங்க வாத்தியாரே" என்று கெஞ்சினேன். "ஏன் வராது? வருசா வருசம் முன்னாடி உக்காந்துக்கிட்டு மாது வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்கதான பாடுறீங்க? எங்க தாளமே உங்களாலதாங்க கெடுது" என்றார். மறுநாள் மீசை போயிற்று. உங்கள் தங்கை என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனவள், வெகுநேரம் வரவில்லை.

பென்னாகரத்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத்தானே நீங்கள் சொன்னது? நாடகம் சனிக்கிழமை. ஒருநாள் இடைவெளி இருக்கிறதே, மீசைக்கு ஏதாவது வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீங்கள் அவர்களிடம் என்னைக் கண்டிப்பான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார் என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். காவியாவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. இதுவும் என்னால் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம் எனக்கும் இருக்காதா?

இப்பல்லாம் ராத்திரி பத்துக்கு மேல மைக் கூடாதே, அதனால விடிய விடிய ஆடுற நாடகத்தைக் கமிட்டிக்காரங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்திட்டாங்க. பங்குனி வெயிலில் அரிதாரம் கழுத்து வழியாக வழிந்து ஜாக்கெட்டுக்குள் போகிறது. டோப்பா முடி வேறு வேர்வையில் நழுவுகிறது. அந்த நேரம் பார்த்து திரைக்குப் பின்னால் ராஜாமணி ஓடிவந்து, "ஏங்க" என்றாள். முனிராஜ் குறுக்கே விழுந்தார். "இங்க உங்க வூட்டுக்காரரு யாரும் இல்லீங்கம்மா. வேசம் கட்டியாச்சு. அம்மன் முன்னாடி கலைக்கிற வரைக்கும் இது சின்னராணி. பேர் சொல்லியும் கூப்புடக்கூடாது, அவரும் சொந்தப் பேச்சு பேசக்கூடாது." ராஜாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "சின்னராணி, பென்னாகரத்துக்காரங்க இன்னைக்கே வந்து வூட்டுல உக்காந்திருக்காங்க" என்றாள். என்ன ஏதென்று கேட்க வாயெடுத்தேன். ஆனாலும் வாத்தியார் முறைக்கிறாரே! "அடி தோழி, வந்தவரை ஆசனத்தில் அமர்த்தி நீர்மோர் கொடுப்பாயாக" என்றேன். உங்கள் தங்கை பார்த்த பார்வையில் மிச்சமிருந்த அரிதாரமும் இறங்கிவிட்டது.

அவள் வீட்டுக்குப் போய், "அவரு மாடு பாக்க கடத்தூர் போயிருக்காருங்க" என்று சமாளித்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மாள், "வரட்டும், மெதுவா வரட்டும். அதுவரைக்கும் நாடகம் பாக்கலாம் வாங்க" என்று கிளம்பி, மாப்பிள்ளை கலைவாணன் சேரைத் தூக்கிக்கொண்டு வர, எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். பாலில் விஷம் கலக்கும்போது நான் பாதிப் பாலைத் தரையில் கொட்டியதை ஜனங்கள் நடிப்பு என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

விஷம் வைத்த பிறகு பெண்கள் மேடையேறி சின்னராணியை வாய்க்கு வந்தபடி கேட்கலாம், அவள் பதில் பேசாமல் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நாலைந்து பேர் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். சிரித்தேன். அடுத்து ஏறினார்கள் பாருங்கள், தங்கம்மாள்! வந்ததும் என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு. டோப்பா கழன்று கீழே விழ, என் வழுக்கை ஊர் முழுக்கத் தெரிந்தது. நீங்கள் பார்த்த வீடியோ இதோடு முடிகிறது. எடுத்த பயல் அப்புறம் சிரிக்கப் போய்விட்டான் போல.

அதற்குப் பிறகு நடந்தது இது. அந்தம்மா குனிந்து டோப்பாவை எடுத்து, தூசி தட்டி, என் தலையில் ஒழுங்காக வைத்து, நெற்றிப்பட்டத்தையும் நேராக்கினார்கள். அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள்: "ஏண்டி ராணி, அந்தப் புள்ள கேட்டா பாதி ராஜ்ஜியத்தையே உன் மவளுக்குக் குடுத்திருப்பானே. வெசம் வெக்கிற அளவுக்கு உனக்கு என்னாடி பயம்?" நான் சிரித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. மேடை ஓரத்தில் காவியா நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் என்னையறியாமல், "எம் மவ போற எடத்துல, சாப்ட்டியான்னு கேக்க ஒரு ஆளில்லாம நின்னுருவாளோன்னு பயங்க" என்று சொல்லிவிட்டேன். ராணி பேசுகிற பேச்சா அது? முனிராஜ் கையிலிருந்த ஜால்ரா கீழே விழுந்தது. அந்தம்மா என் கன்னத்தில் வழிந்ததை விரலால் துடைத்துவிட்டு, "நான் கேப்பேன்டி. தெனமும் கேப்பேன். போதுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். பாவம், நாடகத்தில் அப்படி ஒன்றிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் அழுதுகொண்டேதான் வெட்டுப்பட்டேன். "சிரிச்சுக்கிட்டே சாவுற ராணி அழுதுக்கிட்டு செத்தா, மழைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று முனிராஜ் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மழையும் வரவில்லை. பழி என் தலையில்.

அம்மன் முன்னால் வேஷத்தைக் கலைத்து, சந்து வழியாக வந்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கடத்தூரிலிருந்து வருகிறவனாக வாசல் வழியே நுழைந்தேன். "மாடு எப்படிங்க?" என்றார்கள் தங்கம்மாள். "நல்ல மாடுங்க" என்றேன். "காதுக்குப் பின்னால செவப்பா என்னமோ ஒட்டியிருக்குது, தொடச்சுக்குங்க" என்றார்கள். சட்டென்று, "கொம்புக்குச் சாயம் பூசுனாங்க, தெறிச்சிருக்கும்" என்று ஒரு போடு போட்டேன். மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. அந்தம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, சித்திரையில் நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள் மச்சான்! அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. மூன்று நாளாக வயிறார சாப்பிடுகிறேன்.

ஆக, மேடையில் நின்றது நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டால் அது மாது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்த்து வைத்த சம்பந்தம், நீங்கள் வந்துதான் தட்டு மாற்ற வேண்டும். இனி ஜென்மத்துக்கும் வேஷம் கட்டமாட்டேன், இது உங்கள் தங்கை மேல் சத்தியம். கோபத்தை விட்டு முதலில் பிளாக்கை எடுக்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் அனைவரையும் காக்க.

இப்படிக்கு,
மீசை வளர்த்துவரும் தங்கள் மச்சான்,
கிருஷ்ணப்பன்.

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை ஒட்டுமுன் காவியா வாங்கிப் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மாப்பிள்ளையும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலையாம். ஒரு வருஷமாகப் பழக்கமாம். இந்த இடத்தை உங்கள் காதில் போடச் சொல்லி அக்காவிடம் சொன்னதே இவள்தானாம். நீங்கள் பார்த்து வைத்ததாக நாம் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "அப்பா ராணி வேசம் கட்டுறாரு, வந்து பாருங்க அத்தை" என்று போன் பண்ணி ஒருநாள் முன்னால் வரவழைத்ததும் இவளேதான். அந்தம்மா மேடை ஏறும்போதே நான் யாரென்று தெரிந்துதான் ஏறினார்களாம். அப்படின்னா, தெனமும் கேப்பேன்னு சொன்னாங்களே, அது என்கிட்ட சொன்னது மச்சான். கண்ணு கலங்குது, எழுத்து சரியாத் தெரியல. இதோட நிறுத்திக்கிறேன்.