பதினாறு நொடியில் முடிந்த தாலாட்டு

யாருக்காவது பின்னக் கணக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இப்போதெல்லாம் எனக்கு வருவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அடிக்கடி வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்தாலே போதும், வந்துவிடும்.

நான் விருத்தாசலம் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் லேப் பார்க்கிறேன். களிமண் எத்தனை பங்கு, கல்மாவு எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று எடை போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. படித்தது செராமிக் டிப்ளமா. ஆகவே பங்கு, பாகம், விகிதம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நம்பிக்கொண்டிருந்தேன். (வீட்டில் வேறு யாரும் நம்பவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.)

என் மகள் யாழினிக்கு அப்போது பதின்மூன்று வயது. பெயரை வைத்தவள் நான். வைத்தபோது எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ஒரு வரி ஒழுங்காகப் பாடத் தெரிந்தவர்கள் கிடையாது. பெயராவது இருக்கட்டும் என்று வைத்தது. பெயரை மெய்யாக்குகிறேன் என்று அவளாகவே ஸ்டீபன் சாரிடம் கீபோர்டு கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். பொம்மையும் அகல் விளக்கும் விற்கிற ஒரு பீங்கான் கடையின் மாடியில் அவருடைய வகுப்பு.

கீபோர்டு வாசிக்காத நேரத்தில் போனில் ஒரு விளையாட்டு. பாட்டு ஓடும், மேலிருந்து கட்டை கட்டையாக விழும், தாளத்துக்குச் சரியாகத் தட்ட வேண்டும். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்தால் தட்டச்சு இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர்கள் கண் கலங்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே ஜங்ஷனில் வேலை பார்ப்பவர். எதையும் அறிவிப்பு மாதிரிதான் சொல்வார்.

“மொத கிரேடு பரீட்சை வருதில்ல, அதுல தேறட்டும். தேறலன்னா கீபோர்ட மூட்ட கட்டி வச்சிட்டு ஞாயித்துக்கெழம கோச்சிங் கிளாஸுக்குப் போவட்டும். எட்டாங் கிளாஸ் வந்தாச்சு.”

யாழினி கீபோர்டின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, ஓரம் பார்த்து, மறுபடி ஒழுங்காகப் போர்த்தினாள். இவளை எப்படியும் தேற வைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிக மோசமானது அதுதான்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்டீபன் சார் மகள் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போனார். போகும்போது, “எல்லா பாட்டும் மெதுவா வாசிச்சுப் பழகியாச்சு. இனி தாளம் தட்டுற மெட்ரோனோம் வச்சு சரியான வேகத்துல வாசிக்கணும், அவ்வளவுதான். புத்தகத்துல போட்டிருக்குது, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ‘பாத்துக்கங்க’ என்பதை நம் ஊரில் சும்மா மரியாதைக்குச் சொல்வார்கள். நான் அதைப் பதவிப் பிரமாணமாக எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திறந்தால், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதற்கு முழு நோட்டு, அரை நோட்டு, கால் நோட்டு, அரைக்கால் நோட்டு என்று இருந்தது. அட, பின்னம்! அன்று சாயங்காலமே இன்னொன்றும் நடந்தது. யாழினி அந்த விளையாட்டில் விளையாடுவது மட்டுமில்லை, தானே ஒரு பாட்டை எடுத்து எந்த இடத்தில் எந்தக் கட்டை விழ வேண்டும் என்று அடுக்கிக்கொண்டும் இருந்தாள். திட்டலாம் என்று போய் எட்டிப் பார்த்தேன். திரையில் கோடு கோடாக, பக்கத்தில் 1/1, 1/2, 1/4, 1/8.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை மாதமாகக் கண்ணைக் கெடுக்கிறது என்று நான் பிடுங்கி வைத்த போனுக்குள் சங்கீதப் பாடமே இருந்திருக்கிறது! தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் உடனே ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் புத்தகம், வலப்பக்கம் கேம். முழு நோட்டுக்கு 1/1. அரைக்கு 1/2. காலுக்கு 1/4. அரைக்காலுக்கு 1/8. கலர் பென்சிலில் கட்டம் வேறு. “இனிமே நோட்டப் பாத்தா கேம் ஞாபகம் வரணும். கேம்ல தட்டற மாதிரியே இதுலயும் தட்டு” என்றேன்.

யாழினி அட்டையையே பார்த்தாள். “அம்மா, அது வேற இது வேறம்மா.”

“என்னா வேற?”

“கேம்ல ஒரு தட்டுதான் முழுசு. அந்த ஒரு தட்ட நாலாப் பிரிச்சா 1/4. புக்குல முழு நோட்டே நாலு தட்டு நீளம் இருக்குது. அதுல கால்னா ஒரு தட்டு வரும். கேம்ல இருக்கிற 1/4 இங்க பதினாறுல ஒண்ணும்மா.”

“கால்னா கால்தான்டி. விருத்தாசலத்துல ஒரு கால், ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு காலா?”

மறுநாள் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது அடுப்பில் ரசம். “ஒங்க கணக்கு மிஸ்ஸுகிட்டயே கேட்டுப் பாரு” என்று அனுப்பினேன். சாயங்காலம் வந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்னா சொன்னாங்க?”

“கால்னா கால்தான்னாங்க.”

“பாத்தியா!”

“அவங்களுக்குக் கீபோர்டு தெரியாதும்மா.”

“பின்னம் தெரியுமில்ல?”

மூன்றாம் நாள் அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு உரிய பாட்டு ஒரு தாலாட்டு. நொடிக்கு ஒரு தட்டு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று மேலே போட்டிருந்தது. போனில் மெட்ரோனோமை நொடிக்கு ஒரு தட்டாக வைத்தேன். என் அட்டவணைப்படி ஒரு தட்டுக்குள் நான்கு கால் நோட்டு விழ வேண்டும். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கை வராது, ‘முடியல’ என்று சொல்லிவிடும், என் தவறும் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஆனால் அந்த விளையாட்டு இவள் விரல்களைப் பழக்கி வைத்திருந்தது. நான்கே நாளில் ஒரு சுரம் பிசகாமல் வந்துவிட்டது. அறுபத்து நான்கு நொடி ஓட வேண்டிய தாலாட்டு பதினாறு நொடியில் முடிந்தது. ஸ்டீபன் சார் இத்தனை நாள் வாசிக்க வைத்தது பழகுவதற்கான மெதுநடை, இதுதான் அசல் வேகம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பதிவு செய்து குடும்ப குரூப்பில் போட்டேன். மங்கலம்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் கேட்டாள்.

“என்னா பாட்டு அண்ணி இது?”

“தாலாட்டு.”

“யாருக்கு?”

பொறாமை என்று நினைத்து பதில் போடவில்லை.

பரீட்சை ஸ்டீபன் சாரின் வகுப்பு மாடியிலேயே நடந்தது. சென்னையிலிருந்து பரீட்சை வைக்க ஓர் அம்மா வந்திருந்தார்கள். அறுபது வயதிருக்கும், பருத்திப் புடவை, குரலே எழும்பாது. ஓர் அறையை ப்ளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். உள்ளே பரீட்சை, வெளியே பெற்றோர். தடுப்பு கண்ணுக்குத்தான். தும்மினால்கூட இந்தப் பக்கம் கேட்கும்.

யாழினியைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் விரலால் காற்றில் வேகமாகத் தட்டிக் காட்டினேன்.

தாலாட்டு தொடங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பா கையிலிருந்த பேப்பரைக் கீழே இறக்கினார். அதே நேரம் ஸ்டீபன் சார் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் படியேறி வந்தவர், கடைசிப் படியில் பையோடு நின்றுவிட்டார்.

“யாருங்க உள்ள?”

“நம்ம யாழினிதான் சார்.”

“யாழினியா? உள்ள ஏதாவது தொரத்துதா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அந்தம்மாவின் குரல் கேட்டது. “ஒரு சுரம்கூடத் தப்பு இல்லம்மா. விரலெல்லாம் சரியா இருக்கு. இந்த வேகத்துல வாசிக்கச் சொன்னது யாரு? சாரா?”

“இல்ல மேடம். எங்கம்மா.”

“அம்மா எங்க?”

“தடுப்புக்கு அந்தாண்டதான் இருப்பாங்க மேடம்.”

கூப்பிட்டார்கள். போனேன். கையில் அட்டவணையும் இருந்தது. (தேவைப்படும் என்று பையில் செருகி எடுத்து வந்திருந்தேன். தேவைப்பட்டது.) அந்தம்மா என்ன கேட்கிறார்கள் என்று முழுதாகக் காதில் வாங்காமல், “மேடம், பின்னத்துல ஏதாவது சந்தேகம் இருந்தா நான் வெளக்கிடறேன்” என்று ஆரம்பித்தேன்.

அட்டையைக் கீபோர்டின் மேல் வைத்தேன். ஒரு தோசையை எடுத்துக்கொண்டால், என்றேன். அதை நான்காகப் பிய்த்தால், என்றேன். தோசையைக் காற்றில் வரைந்து பிய்த்தும் காட்டினேன். நான் எட்டாக்கும் வரை அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்கள். ஸ்டீபன் சார் தடுப்பு ஓரமாக வந்து தலையை நீட்டி, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கையை ஆட்டினார். எனக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

முடித்ததும் அந்தம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். “கால்னு சொல்றீங்களே, எதுல கால்?”

எங்கள் லேப்பில் நான் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கும் கேள்வி இது. தண்ணீர் முப்பது பங்கு என்றால் எதில் முப்பது, காய்ந்த மாவிலா, கலந்த மொத்தத்திலா என்று கேட்காமல் கலந்துவிட்ட ஒரு புதுப் பையனை, களிக்கூழ் மோராகப் போனதற்காக அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

யாழினிதான் பதில் சொன்னாள். கேமில் ஒரு தட்டில் கால், இங்கே நான்கு தட்டு உள்ள முழு நோட்டில் கால் என்று என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை வரிசை மாறாமல் சொன்னாள். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள்.

“உனக்குத்தான் தெரிஞ்சிருக்கே. அப்புறம் ஏம்மா இப்படி வாசிச்சே?”

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அம்மா வெளிய ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க மேடம். பரீட்ச முடிஞ்சி நான் வூட்டுக்குத்தான போவணும்.”

ஸ்டீபன் சார் சிரிப்பை இருமலாக்கினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, இருமலும் வரவில்லை.

வாசித்த பாட்டை மறுபடி வாசிக்க விதியில் இடமில்லை என்றார்கள். “மீதி இருக்கறத பொண்ணு அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யட்டும். நீங்க வெளிய இருங்கம்மா.” நான் தடுப்பைத் தாண்டும்போது மறுபடி குரல் வந்தது. “வெளியன்னா கீழ.”

கீழே கடையில் போய் நின்றேன். கடைக்காரர், “மேல வாசிச்சது ஒங்க பொண்ணுங்களா? சண்டக் காட்சி கணக்கா இருந்திச்சி, சூப்பரு” என்றார். என்ன செய்வதென்று தெரியாமல், அலமாரியில் இருந்த இரண்டு பொம்மைகளுக்கு மூக்கில் மெருகுப் பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். அந்த நிலையிலும் எனக்கு யாரையாவது திருத்த வேண்டியிருந்தது.

பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஒரு முறை “சாரிடி” என்றேன். காற்றில் கேட்டதா என்று தெரியவில்லை. இடுப்பைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது. கேட்டிருக்கலாம், அல்லது அங்கே வேகத்தடை இருந்திருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. தேறியிருந்தாள், இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில். கேட்ட தாளத்தைத் திருப்பிக் கைதட்டும் பகுதியில் முழு மதிப்பெண். தாலாட்டுக்கு நேராக, ‘சுரங்களில் பிழை இல்லை. வேகம் மாணவியுடையது அல்ல’ என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். “ஜங்ஷன்ல நிக்காம போன வண்டிக்கு இத விட நல்லா ரிப்போர்ட்டு எழுத முடியாது” என்றார். கோச்சிங் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. யாழினி இப்போது மூன்றாம் கிரேடு படிக்கிறாள். பாட்டின் வேகத்தை அவளே வைக்கிறாள். அந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறேன். காய்ந்த துணியாக இருந்தாலும்.

எனக்கு இன்னும் ஆறாதது மதிப்பெண் இல்லை. தப்பு என்று தெரிந்தே, ஒரு சுரம் பிசகாமல், எனக்காக அதை அவ்வளவு சுத்தமாக வாசித்தாளே, அதுதான். அதனால் இப்போது அவள் நான் சொன்னதற்கு உடனே தலையாட்டிவிட்டால் எனக்குப் படபடவென்று வருகிறது. போன வாரம் நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தார்கள். “பாயசத்துக்கு இன்னும் ஒரு கரண்டி சர்க்கர போடு” என்றேன். யாழினி சரி என்று கரண்டியை எடுத்தாள். நான் ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி சரிங்கற? போதும்னு தோணுனா சொல்லு. சண்ட போடுடி.”

“நெசமாவே பத்தலம்மா.”

“எனக்காகச் சொல்றியா?”

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “மத்தவங்க வூட்ல புள்ள எதுத்துப் பேசுனா அம்மாக்காரி அழுவா. எங்க வூட்ல பேசலன்னா அழுவா. நீ சாப்புடு, பாயசம் வர நேரமாவும்.”