ஒற்று மிகாத முட்டை

மக்கள் நலனில் மாறாத அக்கறை கொண்ட மேலிடம், 1961ஆம் ஆண்டு சிராங்கூன் ரோட்டில் முதியோர் பராமரிப்பு உதவி அலுவலகம் ஒன்றைத் திறந்தது. புதிதாக ஆள் எடுக்கவில்லை. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை குறைந்திருந்ததால், அங்கிருந்த மேசை, நாற்காலி, அச்சடித்த விண்ணப்பப் பாரம், எழுத்து வேலை பார்க்கும் கிராணி எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவும் பராமரிப்பு, இதுவும் பராமரிப்பு. யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் கெர்பாவ் ரோட்டிலிருந்து முதலில் அங்கே படியேறியவர் என் அடுத்த வீட்டுத் தங்கராஜு. டோபிக் கடையில் சட்டை தேய்ப்பவர், ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. அவருடைய தாய்மாமன் வடிவேலுவுக்கு எண்பத்திரண்டு. துறைமுகத்தில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர், இடப்பக்கம் வாதம் வந்து படுத்துவிட்டார். காலையில் அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட வேண்டும். தங்கராஜுவுக்கோ இடுப்புப் பிடித்துக்கொண்டது. முந்தின வாரம் இரண்டு பேரும் குளியலறையில் சறுக்கி விழுந்து, நான் சத்தம் கேட்டுப் போகும்வரை அப்படியே கிடந்தார்கள். அதிலிருந்து துணியால் துடைத்து விடுவதோடு சரி. மாமன் முதுகில் புண் வர ஆரம்பித்திருந்தது. காலையில் அரை மணி நேரம் மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான் தங்கராஜு கேட்டது.

தலைமைக் கிராணி இராஜசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு புள்ளி தவறினாலும் மனுவைத் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் ஒரு பாரத்தை நீட்டினார்.

"ஐயா, இதுல கட்டடத்தின் வயதுன்னு போட்டிருக்கே?"

"வயசு தெரியாதோ?"

"எண்பத்திரண்டுங்க."

"அதை எழுதும்."

"எத்தனை மாடின்னு கேக்குது."

"ஒண்டு எண்டு போடும். ஆள் ஒராள்தானே."

மூன்றாம் நாள் ஆய்வாளர் அப்துல் கையூம் அளவு நாடாவும் சின்னச் சுத்தியலுமாக வந்தார். நல்ல மனுஷன், பேச்சுக்கு ஒரு 'லா' போடுவார். கட்டிலில் கிடப்பது மனிதர் என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. பாரத்தில்தான் அதை எழுத இடமில்லை.

"கோவிச்சுக்காதீங்க லா, கேள்வி இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். கடைசியா எப்போ வெள்ளையடிச்சது?"

"முப்பது வருஷமா வெள்ளைதான்" என்று படுத்தபடியே தலையைத் தடவிக் காட்டினார் வடிவேலு.

"சாய்வு?"

"இடப்பக்கம்" என்றார் தங்கராஜு.

"ஒழுகுதா?"

தங்கராஜு மாமனைப் பார்த்தார். மாமன் கூரையைப் பார்த்தார்.

"சில நேரம்."

"கரையான், பூச்சி ஏதாச்சும்?"

"எறும்பு வரும். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி."

"இப்போ எது தாங்கிப் பிடிச்சிருக்கு?"

"நான்தாங்க."

கையூம் தங்கராஜுவின் இடுப்பை அளந்தார். முழங்காலில் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அறிக்கை எழுதினார். சாயும் சுவருக்குத் தாங்கலாக வைக்கும் மரத்தைக் கட்டட வேலைக்காரர்கள் முட்டு என்பார்கள். இன்னோர் ஆள் தேவை என்பதை அவர் அந்தப் பாஷையில்தான் எழுத முடியும்: "இருக்கும் முட்டு தளர்ந்துவிட்டது. தினமும் காலையில் இன்னொரு முட்டைக் கொடுக்கவும்." அதைப் படித்துக் காட்டியபோது தங்கராஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அலுவலகத்தில் அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது ஒரு 'க்' விழுந்துபோனது. மேலிடம் உடனே ஒப்புதல் தந்தது: மேற்படி முதியவருக்குத் தினம் ஒரு முட்டை.

"ஐயா, நான் கேட்டது ஆளு."

"கோப்பில முட்டை கொடுக்கவும் எண்டு கிடக்கு" என்றார் இராஜசிங்கம்.

பக்கத்தில் நின்ற கையூம், "நான் எழுதினது முட்டு லா" என்றார்.

இராஜசிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முட்டு எண்டால் ஐகார உருபு ஏறி, முட்டைக் கொடுக்கவும் எண்டு வல்லினம் மிகும். இரண்டாம் வேற்றுமை விரி. இங்க மிகேல்லை. ஆகவே இது கோழியின்ர முட்டைதான்."

"எழுதினவரே சொல்றாரேங்க."

"அவருக்கு ஞாபகம் பிசகும். இலக்கணம் பிசகாது."

மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. ஆனால் முட்டையை ஒரு நாளும் தவறாமல் வாங்குகிறவரின் முறையீடுதான் ஏற்கப்படும். முட்டை வாங்கப் பராமரிப்பவரே தினமும் நேரில் வர வேண்டும், காலை எட்டிலிருந்து பத்துக்குள். மாமனைக் கவனிக்கத் தங்கராஜுவுக்கு இருந்ததே அந்த நேரம்தான். தவறாக எழுதிய குற்றத்துக்காக முட்டை கொடுக்கும் வேலை கையூம் தலையில் விழுந்தது.

தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் பாரம் வாங்கினோம். முதல் கோப்பைப் பார்த்தே எல்லாக் கோப்புக்கும் முட்டை ஒப்புதலானது. எதிர்வீட்டுப் பூவம்மா தன் மாமனாரைப் பதிந்தாள். நான் என் மாமியாரைப் பதிந்தேன். அவர் கொஞ்சம் கனத்த உடம்பு, இரண்டு மாடி என்று போட்டேன், இரண்டு முட்டை கிடைத்தது. காப்பிக் கடையில் "உங்க வீட்டுல எத்தனை மாடி?" என்று விசாரிப்பது நாகரிகமாகிவிட்டது. வீட்டில் கிழவர் இல்லாதவர்களுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். சுவா சூ காங்கில் முந்நூறு கோழி வளர்க்கும் துரைசாமி, லாரியில் அப்பாவை ஏற்றிவந்து காட்டி, தினமும் ஒரு முட்டை வாங்கிப் போனார்.

இப்படி ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு நாள் காலை வரிசை படியிறங்கித் தெருமுனை வரை வந்துவிட்டது. தங்கராஜு எனக்கு முன்னால் நின்றிருந்தார். திடீரென்று வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"மாமாவுக்கு முதுகுல சீழ் வச்சிருச்சு. கழுவணும். யாராச்சும் ஒருத்தர் வந்து ஒரு பக்கம் பிடிங்க. அரை மணி நேரம் போதும்."

ஐம்பத்தெட்டுப் பேர் நின்றிருந்தோம். எல்லோருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பூவம்மா உச்சுக் கொட்டினாள். "பாவம். ஆனா இடத்த விட்டா திரும்பக் குடுக்க மாட்டாங்களே தம்பி."

நான் அவர் தோளைத் தட்டி, "நீங்க போயிட்டு வாங்க, உங்க இடத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். என்னால் ஆனது அது.

கையூம் முட்டைத் தட்டை மேசைமேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்து, "வாங்க" என்று தங்கராஜுவோடு நடந்தார்.

ஒன்றரை மாதத்துக்கும் மேல் கழித்து வடிவேலு மாமா அன்று குளித்தார். குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டதும் அவர் சிரித்த சத்தம் அடுத்த தெருவரை கேட்டதாம். எங்களுக்குக் கேட்கவில்லை. வேலை நேரத்தில் ஆய்வாளர் இடத்தில் இல்லாததால் முதியோர் பராமரிப்பு முக்கால் மணி நேரம் தடைபட்டதைக் குறித்து மேலிடத்துக்கு நாங்கள் மனு எழுதிக்கொண்டிருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது.

மறுவாரமே கையூமைப் புக்கிட் பாஞ்சாங்குக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் ரொம்பக் கறாரானவர், இடத்தை விட்டு அசைவதே இல்லை. வரிசை இப்போது சீராக நகர்கிறது.