அடுத்தவர் கட்டம்

முதல் பாகத்தார் என்றொரு இனம் உண்டு. வெளிப்பார்வைக்கு அடையாளமே தெரியாது. நாற்பத்தைந்து வயது, ஏறிக்கொண்டே போகும் நெற்றி, மாடிப்படி ஏறினால் முட்டியில் ஒரு முனகல், காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு நாற்காலி, வாசலில் பனி தள்ளும் இயந்திரம் என்று எல்லாம் ஊரோடு ஒத்துத்தான் இருக்கும். அவர் காதில் விழும்படி ‘விண்கோட்டை’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

“எந்தப் பாகத்தைச் சொல்றீங்க?” என்பார். மாட்டிக்கொண்டீர்கள்.

விண்கோட்டை ஒரு வீடியோ கேம். கவசம் போட்ட சிப்பாய் ஒருவன் வேற்றுக்கிரகத்துப் பூச்சிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போவான்; பூச்சிகள் அலுத்துப்போனால் நண்பர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளலாம். இதுவரை எட்டுப் பாகங்கள் வந்துவிட்டன. எட்டையும் வெளிவந்த அன்றே வரிசையில் நின்று வாங்கி, ஒரே வாரத்தில் ஆடி முடித்து, “முதல் பாகம் மாதிரி வருமா?” என்று பெருமூச்சு விடுபவர்தான் நம்மவர். வராது என்று தெரிந்தும் ஏன் வாங்குகிறார்? வரவில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் நேரில் உறுதி செய்துகொள்ள வேண்டாமா?

அமெரிக்காவின் டுலூத் நகரத்து வெண்டல் லிண்ட்க்விஸ்ட் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். கன்ட்ரோலரில் குச்சியை மேலே தள்ளினால் பார்வை கீழே போக வேண்டும் அவருக்கு. விமானம் அப்படித்தான் ஓடும் என்பார். விமானம் ஓட்டியதில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி செலுத்தும் பண்டிகையை அடுத்த சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, அவர் வீட்டு நிலவறையில் வருடா வருடம் ஒரு போட்டி. மூன்று ஆள் கனம் கனக்கும் பழைய டப்பா டிவி, அதன் திரை நான்கு கட்டமாகப் பிரிந்திருக்கும், ஆளுக்கொரு கட்டம், எதிரே நான்கு பேர் நெருக்கியடித்த ஒரே சோபா. மற்றவர்களை இருபத்தைந்து தடவை முதலில் சுட்டவருக்குப் பரிசு, விண்கோட்டைச் சிப்பாயின் பிளாஸ்டிக் தலைக்கவசம். அது சென்ற வருடம் வரை, இருபத்தொரு வருடமாக வெண்டல் வீட்டுக் கணப்படுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. கல்யாணப் போட்டோவை அங்கே மாட்ட வேண்டும் என்று அவர் மனைவி ஹைடி கேட்டுக்கொண்டிருந்ததும் இருபத்தொரு வருடமாகத்தான்.

போட்டிக்கு ஒரே ஒரு சட்டம். அடுத்தவர் கட்டத்தைப் பார்க்கக் கூடாது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பது அவரவர் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். கண்ணை ஒரு விரல்கடை நகர்த்தினால் போதும். நகர்த்தக் கூடாது. ஆட்டத்துக்கு முன் வெண்டல் எழுந்து நின்று, கட்டம் பார்ப்பவன் மனிதனே இல்லை என்று நான்கு நிமிடம் உபதேசிப்பார். நண்பர்கள் கர்ட்டும் நீல்ஸும் சர்ச்சில் உட்காருவதுபோல் அடக்கமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

சென்ற வருடம் நான்காவது ஆளான பிரெண்ட் பனி தள்ளித் தோள்பட்டையைப் பிசகிக்கொண்டு வரவில்லை. மூன்று பேர் ஆடுவதா? நான்காவது கட்டம் காலியாகக் கிடப்பதா? முதல் பாகத்தார் மனம் எப்படித் தாங்கும்? அப்போதுதான் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு ஹைடி இறங்கி வந்தார்.

“நான் ஆடறேன்.”

“உனக்கு என்ன தெரியும் ஹைடி?”

“இருபத்தொரு வருஷமா தட்டோட பின்னாடி நிக்கிறேன். நான் ஜெயிச்சா அந்த மண்டை கீழே இறங்கணும். சரியா?”

வெண்டல் சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் இருபத்து நான்கில் நின்றார்கள், சிரிப்பைக் காணோம். அவர் தன் சிப்பாயைத் தூணுக்குப் பின்னால் பதுக்கி வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹைடியின் சிப்பாய் சுற்றிவந்து முதுகில் துப்பாக்கிக் கட்டையால் ஒரே போடு. இருபத்தைந்து.

வெண்டல் எழுந்துவிட்டார். “பார்த்தே. நீ என் கட்டத்தைப் பார்த்தே.”

“எப்படிச் சொல்றே?”

“எப்படியா? பாலத்து மேல நின்னே. தோட்டா எடுத்தே. படியில இறங்கினே. அப்புறம் எங்கேயும் நிக்காம நேரா தூணுக்கு வந்தே. பார்க்காம எப்படி வர முடியும்?”

“தூணுக்குப் பின்னால இருந்தவனுக்குப் பாலம் தெரியுமா?”

“தெரியாது” என்றார் வெண்டல், உண்மையாகவே. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

கர்ட் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். “டேய், இருபத்தொரு வருஷம்டா.”

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார் நீல்ஸ், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. “திருட்டுத்தனமாப் பார்க்கிறப்ப இவன் சிப்பாய் அப்படியே நின்னுடுவான்.”

“அவன் கட்டத்தை நீ எதுக்குடா பார்த்தே?” என்றார் கர்ட்.

நீல்ஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

“நீ மட்டும் யோக்கியமா கர்ட்? எங்களுக்குக் கண்ணுதான் போகும், உனக்குக் கழுத்தே திரும்புதே” என்றார் ஹைடி. “நானும் பார்த்தேன். அவ்வளவு பெரிசாத் தெரியுது, கண்ணை மூடிக்கவா முடியும்?”

கவசம் இறங்கிச் சலவை இயந்திரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. வெண்டல் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பட்டம் போன துக்கத்தைவிட உபதேசம் போன துக்கம் பெரிது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சீர்திருத்தம் சொன்னார். அடுத்த வருடம் டிவியின் நடுவே அட்டை வைத்து நாலாகத் தடுத்துவிடலாம், யாரும் யாருடைய கட்டத்தையும் பார்க்கவே முடியாது.

“அட்டை வெச்சா நான் வரல” என்றார் நீல்ஸ்.

“நானும்தான்” என்றார் கர்ட். “அஞ்சாம் பாகத்துல அவனவன் வீட்டுல, அவனவன் டிவியில ஆடினோமே. ஒருத்தனும் ஏமாத்த முடியல. எத்தனை நாள் ஆடினோம் சொல்லு?”

ஒரே நாள், அதுவும் நாற்பது நிமிடம். வெண்டலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பழுக்கில்லாத நேர்மையோடு ஆடி முடித்தபின் அடுத்த எட்டு மாதம் நால்வரில் ஒருவர்கூட மற்றவரை போனில் கூப்பிடவில்லை. அந்த எட்டு மாதமும் தனக்கு எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. சோபாவில் தன் இடத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, “சரி, இன்னொரு ஆட்டம்” என்றார். உபதேசம் இல்லாமலே ஆரம்பமானது.

இப்படி ஓர் ஆளை உங்களுக்கும் தெரியும், இல்லையா? இதைப் படிக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் “அச்சு அசல் நம்ம ஆளு” என்று ஒருவர் முகத்தை மனதில் கொண்டுவந்து சிரித்திருப்பீர்கள். அந்த முகம் உங்களுடையதா? இல்லையே. அப்படியானால் இவ்வளவு நேரமும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது யார் கட்டத்தை?